இலவசம்னு போர்டு இருக்கு, ஆனா பொண்ணுங்க ஏன் வர பயப்படுறாங்க: சுகாதாரத்துறை செயலாளருக்கு ஒரு மனு

பெறுநர்: சுகாதாரத்துறை செயலாளர் அவர்கள்

பொருள்: அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல துணைக்கு ஒரு ஆள விடணும், காசு கேக்குறத நிறுத்தணும், செக்கப்புக்கு அலைய விடக்கூடாது

ஐயா, வணக்கம்.

ரெண்டு பிள்ளைய பெத்தவ எழுதுறேன். மனு எழுதி பழக்கமில்ல, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

என் முதல் பிரசவம் ஒரு அரசு ஆஸ்பத்திரியிலதான். கூட வந்த எங்க அம்மாவ வாசல்லயே நிறுத்திட்டாங்க, ராத்திரி முழுக்க தனியா கெடந்தேன், வலி தாங்காம கத்துனதுக்கு என்னய திட்டுன வார்த்தைய இங்க எழுத முடியாது, புள்ள பொறந்ததும் முகத்த காட்டவே ஒருத்தர் காசு கேட்டாங்க. ரெண்டாவது பிரசவத்துக்கு கடன் வாங்கி தனியாருக்குப் போனேன். அரசு ஆஸ்பத்திரியில வைத்தியம் சரியில்லன்னு இல்லங்க, அங்க டாக்டர் நல்லாதான் பாத்தாங்க, அந்த அவமானத்துக்குப் பயந்துதான் போகல.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துது. என் தங்கச்சி மாசமானப்ப "அங்க போகாதடி"ன்னு சொன்னது நான்தான். தனியாருக்குப் போக அவகிட்ட காசில்ல, அரசு ஆஸ்பத்திரிக்குப் போக பயம், வலி வந்தும் வீட்டுலயே இருந்துட்டா. புள்ள பொறந்த பிறகு ரத்தம் நிக்கல. கடைசியில தூக்கிட்டு ஓடுனது இன்னொரு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான், ரத்தம் ஏத்தி காப்பாத்துனதும் அவங்கதான். அதனாலதான் சண்டை போட வராம மனுவோட வந்திருக்கேன்.

தாய் சாவுக்கு மூணு தாமதம் காரணம்னு 1994லயே ஆராய்ச்சியாளருங்க எழுதி வச்சிருக்காங்க. போறதா வேணாமான்னு முடிவெடுக்குற தாமதம், போய்ச் சேருற தாமதம், சேந்த பிறகு வைத்தியம் கெடைக்குற தாமதம். ஆம்புலன்ஸ் விட்டா ரெண்டாவது கொறையும், டாக்டர் போட்டா மூணாவது கொறையும். முதல் தாமதம் வீட்டுக்குள்ள நடக்குது, அக்காவும் பக்கத்து வீட்டுக்காரியும் சொல்ற கதைய கேட்டு நடக்குது. எவ்ளோ விளம்பரம் போட்டாலும் ஒருத்தி பட்ட அவமானம் பத்து பேர வரவிடாம பண்ணிடும்.

நர்ஸுங்க மேல மட்டும் பழி போட வரலங்க. ஒரே நர்ஸ் அத்தன பேரு பிரசவத்தையும் பாத்தா யாருக்குத்தான் பொறுமை இருக்கும், ஆள் போடாம அன்பா பேசுங்கன்னு சுற்றறிக்கை அனுப்புனா என்ன பிரயோஜனம்? வார்டுக்கு ஆள் போடுங்க, முதல்ல அத செய்யுங்க. அதோட பிரசவ நேரத்துல அந்தப் பொண்ணு யார வேணும்னு சொல்றாளோ அவங்கள கூட இருக்க விடுங்க. இத உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதல்ல சொல்லியிருக்கு. இடமில்லன்னு சொல்வாங்க, கட்டிலுக்கு நடுவுல ஒரு துணித் திரை போட்டா பாதி பிரச்சன தீந்துடும். துணைக்கு ஆள் இருந்தா கண்டபடி திட்டவும் யோசிப்பாங்க, தண்ணி எடுத்துக் குடுக்கவும் ஒரு கை இருக்கும்.

அப்புறம் செக்கப். 12 வாரத்துக்குள்ள முதல் தடவ வரணும், மொத்தம் 8 தடவையாவது பாக்கணும்னு 2016லயே அதே நிறுவனம் சொல்லிருச்சு, சரி. ஆனா ஒரு நாள் டோக்கன், இன்னொரு நாள் ரத்த டெஸ்ட், ரிசல்ட் வாங்க வேற நாள், ஸ்கேன் மெஷின் ரிப்பேருன்னு வெளிய எழுதிக் குடுக்குறது, இப்படி இருந்தா 8 தடவ இருபது தடவயாவுது. கூலி வேலைக்குப் போறவளுக்கு ஒவ்வொரு நாளும் சம்பளம் போச்சு, பஸ் காசு தனி. இதுல எங்கங்க இலவசம்? டெஸ்ட்டும் ரிசல்ட்டும் ஸ்கேனும் ஒரே நாள்ல முடியணும், வாரத்துல ஒரு நாளாவது சாயங்காலம் ஓபி வைக்கணும்.

காசு கேக்குற விஷயத்துக்கு வார்டு சூப்பர்வைசர்கிட்ட புகார் குடுன்னா யாரு குடுப்பா, புள்ளையோட அவங்க கையிலதான படுத்திருக்கோம். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனப்புறம் வெளி ஆபீஸ்லேருந்து போன் பண்ணி, யாராவது காசு கேட்டாங்களா, திட்டுனாங்களான்னு கேளுங்க. அப்பதான் வாய் தெறப்பாங்க.

இந்த மனு மேல என்ன முடிவு எடுத்தாலும் அத எனக்கு மட்டும் லெட்டரா அனுப்பாம பிரசவ வார்டு வாசல்ல எல்லாரும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல ஒட்டச் சொல்லுங்க. என் தங்கச்சி மறுபடியும் மாசமா இருக்கா, இந்தத் தடவ அங்க போன்னு அவகிட்ட நான் சொல்லணும்.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா