டோஸைக் கூட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், டாக்டர்

எடை குறைப்புக்கு வாரம் ஒரு ஊசி எழுதித் தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். அந்த ஊசியில் இருக்கும் செமாகுளூட்டைடு மருந்தைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 2.4 வரை ஏற்றும் அட்டவணை உங்களுக்கு மனப்பாடம். வயிறு பழகட்டும் என்றுதான் அது அவ்வளவு மெதுவாக ஏறுகிறது. அப்படியிருக்க, வயிறு பழகிவிட்டதா என்று மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

சென்ற மாதம் எனக்கு 1 மில்லிகிராமிலிருந்து 1.7க்கு ஏற்றினார்கள். பழைய அளவிலேயே காலைக் குமட்டல் விடவில்லை. அதைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. நான் போகும் முன்பே புதிய அளவு எழுதிய சீட்டு வரவேற்பு மேஜையில் தயாராக இருந்தது. ஊசி போட்ட மறுநாள் இரவு, மதியம் சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியே வந்தது. இரைப்பை காலியாவதை இந்த மருந்து தாமதப்படுத்தும் என்று அப்புறம்தான் படித்தேன். பிறகு தண்ணீரும் தங்கவில்லை. ஒரு ஸ்பூன் குடிப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, தங்கினால் இன்னொரு ஸ்பூன். விடிவதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. கிளினிக்குக்குப் போன் செய்தால், "எல்லாருக்கும் வர்றதுதான், போகப் போகப் பழகிடும்" என்று வைத்துவிட்டார்கள்.

பெரும்பாலும் பழகிவிடும்தான், மறுக்கவில்லை. ஆனால் விடாத வாந்தியால் உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடுமையான வலி கணைய அழற்சியாக இருக்கலாம். பித்தப்பையில் கல் வரலாம். எது பழகும், எதற்கு உடனே ஓடி வர வேண்டும் என்று போனை எடுத்தவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மலச்சிக்கலைப் பற்றி நான் கேட்கவேயில்லை. அத்தனை பேர் காத்திருக்கும் கூடத்தில் அதை எப்படிக் கேட்பது?

அடுத்த முறை போனபோது எடை பார்த்தார்கள். "சூப்பர், நல்லா வேலை செய்யுது!" மூன்று நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் யாருக்குத்தான் குறையாது? அதற்கு ஊசி எதற்கு, கெட்டுப்போன சாப்பாடு போதுமே! குறைந்த எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று ஒரு பேச்சு இல்லை. ஊசியை நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பி வரக்கூடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. வெளியில் கேட்டாலோ, "கஷ்டப்படாமல் இளைக்கிற குறுக்குவழி" என்று எங்களுக்குப் பட்டம் வேறு.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்க வந்தது ஒன்றுதான்: அளவைக் கூட்டும் முன், இந்த அளவு தாங்குகிறதா என்று கேளுங்கள். தாங்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதை இன்னும் நான்கு வாரம் தள்ளிவைக்கலாம் என்று மருந்தோடு வரும் குறிப்பே சொல்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை.

கூடவே ஒரு பக்கத் தாள் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, எண்ணெய் குறைப்பது, எந்த வலிக்குக் காத்திருக்கக் கூடாது என்பது அதில் இருக்கட்டும். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதும், இதேபோல் எடை குறைக்கப் போடும் இன்னொரு வார ஊசியான டிர்செபடைடு தொடங்கும்போதும் கூட்டும்போதும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்பதும் இருக்கட்டும். இரவில் கூப்பிட்டால் விவரம் தெரிந்த ஒருவர் எடுக்கும் எண்ணும் அதன் கீழே இருந்தால் நல்லது.

தாள் அச்சாக நாளாகலாம். கேள்வியை நாளை காலை வரும் முதல் நோயாளியிடமிருந்தே தொடங்கலாம். தயவுசெய்து கேளுங்கள்.

இப்படிக்கு,
அடுத்த சீட்டுக்காகக் காத்திருக்கும் உங்கள் நோயாளி