சுமதாங் வெந்நீர் ஊத்து

செல்லூர், மதுரை

மாப்ள,

நல்லாருக்கியாடா, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவால்லயா? அன்னைக்கு போன்ல பாதிப் பேச்சுலயே லைன் கட்டாயிருச்சு, அதான் உக்காந்து எழுதுறேன்.

லடாக் போய்ட்டு வந்தேன்னு சொன்னேன்ல. லே டவுனே 3,500 மீட்டர் ஒசரம், நம்ம மதுரை 100 மீட்டர்தான், அதனால மொத ரெண்டு நாள் ரூம்லயே படுத்துக் கெடந்தோம், நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. அப்புறம் சிந்து நதி ஓரமாவே கார்ல 140 கிலோமீட்டர் கிட்ட போனா சுமதாங். வழி பூரா மொட்ட மல, வருசத்துக்கே 10 சென்டிமீட்டர் மழைதான் பெய்யுமாம், அப்பேர்ப்பட்ட எடத்துல ஆத்தங்கரைக் கல்லு இடுக்குல இருந்து தண்ணி தளதளன்னு கொதிச்சுக்கிட்டு வருதுடா.

பக்கத்துல குத்தவச்சுப் பாத்தேன். கல்லு மேல உப்புப் பூத்தாப்ல வெள்ளையா படிஞ்சிருக்கு, ஓரத்துல பச்சப் பாசி, தீக்குச்சி கிழிச்ச வாட. ஊத்துத்தண்ணி ஆத்துல கலக்குற எடத்துல கைய வச்சேன், சுண்டுவெரல் சுடுது, கட்டவெரல் வெறைக்குது. அதுலயும் யாரோ ஷாம்பு பாக்கெட்ட கிழிச்சுப் போட்டுருக்காங்க, பொறுக்கி பையில போட்டுட்டு வந்தேன், மனசே ஆறல.

எரிமலையெல்லாம் ஒண்ணும் கெடையாது. இந்தியா உக்காந்திருக்குற பூமித் தட்டு போயி ஆசியாவோட முட்டுன எடம் அது, பனி உருகுன தண்ணி பாறை வெடிப்பு வழியா ஆழத்துக்கு எறங்கி சூடாகி மேல வருது. மறுநாள் பூகா பள்ளத்தாக்கு போனோம், 4,400 மீட்டர், அங்க காத்தழுத்தம் கம்மிங்கிறதால தண்ணி 85 டிகிரிலயே கொதிச்சிரும். டிரைவர் அண்ணன் முட்டைய துணியில முடிஞ்சு ஊத்துல போட்டு அவிச்சுக் குடுத்தாரு. அந்தச் சூட்டுல கரண்ட் எடுக்க 2021ல எண்ணெய் எடுக்குற அரசாங்கக் கம்பெனி ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டுருக்கு.

எனக்கு அங்க உக்காந்திருந்தப்ப உங்க சோழவந்தான் ஆத்து மணல்தான்டா ஞாபகம் வந்துச்சு. சின்னப் பிள்ளையில ரெண்டு முழம் ஊத்து தோண்டி, கலங்கல சிரட்டையில எறச்சுட்டு, தெளியிற வரைக்கும் காத்துக் கெடந்து குடிப்போம்ல, என்ன ருசி. மழையே இல்லாத ஊர்ல ஊத்து ஓடுது, நமக்கு மழையிருந்தும் மணல அள்ளி அள்ளி கருவேலங்காடா ஆக்கி வச்சிருக்கோம்.

உங்க படித்துறைக்கு எதுக்க கொஞ்சம் மணல் திட்டு மிச்சம் இருந்துச்சே, இன்னும் இருக்கா? ஞாயித்துக்கெழம காலையில வர்றேன், மண்வெட்டிய எடுத்து வையி, தோண்டிப் பாப்போம்.