ஐ-485 நிலுவையில் இருக்கும்போது ஊருக்கு டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு (அந்தப் படிவம்தான் ஐ-485) விண்ணப்பித்துவிட்டு, பொங்கலுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

"ஹெச்1பி இருக்கு, பயமில்லை" என்பார் அந்த வேலை விசாவில் இருக்கும் ஒருவர். "ஏ.பி. வந்தாச்சுன்னா ஸ்டாம்பிங் எதுக்கு?" என்பார் இன்னொருவர். (ஏ.பி. என்பது அட்வான்ஸ் பரோல், வெளியே போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி; ஸ்டாம்பிங் என்பது தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வாங்குவது.) இரண்டிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் விமானம் ஏறினால் நஷ்டம் டிக்கெட் காசோடு நிற்காது. 2020 அக்டோபரில் இந்தியர்களுக்கான இ.பி.-3 (வேலைவழி கிரீன் கார்டின் மூன்றாம் பிரிவு) விண்ணப்பத் தேதி 2015 ஜனவரி வரை ஒரே தாவாகத் தாவியபோது போட்ட ஐ-485-களில் பல இன்னும் முடிவு காணாமல் கிடக்கின்றன. அதில் ஒன்று ரத்தானால் மறுபடி போட, உங்கள் பிரயாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) திரும்பவும் கரண்ட் ஆகும்வரை, அதாவது உங்கள் முறை வரும்வரை, உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடிப்படை விதி இதுதான். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, ஒப்புதல் பெற்ற அட்வான்ஸ் பரோல் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகக் கணக்கு. ஹெச்1பி, எல்1 வேலை விசாக்களிலும், அவர்கள் குடும்பத்தாருக்கான ஹெச்4, எல்2-விலும் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. எஃப்-1 மாணவர் விசா, ஓ-1, டி.என்., இ-2 ஆகியவற்றுக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா இன்னும் மூன்று வருஷம் செல்லும் என்பதெல்லாம் இங்கே உதவாது.

ஹெச்1பி விலக்கும் சும்மா வருவதில்லை. செல்லுபடியாகும் விசாவோடு அதே ஸ்டேட்டஸில் திரும்பி நுழைய வேண்டும்; ஹெச்1பி கொடுத்த நிறுவனத்திலேயே வேலை தொடர வேண்டும். அதிகம் பேர் இடறுவது இங்கேதான். கணவர் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டையைக் காட்டி வேறு கம்பெனிக்கு மாறிவிடுகிறார். அந்தக் கணமே அவருடைய ஹெச்1பி போய்விட்டது, கூடவே மனைவியின் ஹெச்4-ம் போய்விட்டது. மனைவியின் பாஸ்போர்ட்டில் ஹெச்4 ஸ்டாம்ப் மட்டும் பளபளவென்று இருக்கும். அதை நம்பி அவர் பிள்ளையோடு ஊருக்குக் கிளம்பினால், விலக்குக்குத் தகுதியே இல்லாத பயணம் அது. வேலை மாறியவர் வீட்டில் ஐ-485 நிலுவையில் உள்ள எல்லோருக்கும், குழந்தைகள் உட்பட, ஆளுக்கொரு ஏ.பி. வேண்டும்.

அடுத்த பள்ளம், ஏ.பி. கேட்டுப் போடும் ஐ-131 படிவத்தின் ரசீது. ரசீது அனுமதி ஆகாது. ஒப்புதல் வருமுன் கிளம்பிவிட்டால் அந்த ஐ-131 கைவிடப்பட்டதாகிவிடும். ஹெச், எல் ஆட்களுக்கு அதோடு போயிற்று, ஐ-485 தப்பிக்கும். மற்றவர்களுக்கு இரண்டும் போகும். "நான் போன பிறகு அப்ரூவ் ஆனால் நண்பன் கூரியரில் அனுப்பட்டும்" என்ற யோசனை வேண்டாம். பார்க்கப்படுவது நீங்கள் வெளியேறிய நாள். ஏற்கெனவே செல்லுபடியாகும் ஏ.பி. ஒன்று கையில் இருந்து, புதுப்பித்தல்தான் நிலுவையில் என்றால் போகலாம். பழைய தாளில் உள்ள தேதிக்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவே. புதுப்பிக்கப் போட்டாலே ஈ.ஏ.டி. 540 நாள் தானாக நீண்ட காலத்தை நினைத்துக்கொண்டு (2025 அக்டோபர் 30 முதல் போட்ட பெரும்பாலான புதுப்பித்தல்களுக்கு அதுவும் இல்லை) ஏ.பி.யும் அப்படி நீளும் என்று சிலர் நம்புகிறார்கள். ஏ.பி. ஒருநாளும் அப்படி நீண்டதில்லை.

கட்டணம் பற்றி இரண்டு வரி. 2024 ஏப்ரல் 1-க்கு முன் கட்டணம் செலுத்தி ஐ-485 போட்டவர்களுக்கு, அது நிலுவையில் இருக்கும்வரை ஐ-131 புதுப்பித்தல் இலவசம். அதன்பின் போட்டவர்களுக்கு 630 டாலர். 2025-இல் பரோலுக்கு 1,000 டாலர் கட்டணம் என்று புதுச் சட்டம் வந்ததும் பலர் பதறினார்கள். ஐ-485 நிலுவையில் வைத்துப் பயணம் போய்த் திரும்புபவர்களுக்கு அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது.

'பரோல்' என்றால் நம் ஊரில் ஜெயில்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கச் சட்டத்திலும் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் அந்த வாடை உண்டு: உங்களை முறைப்படி உள்ளே சேர்த்துக்கொண்டதாகாது, முடிவு வரும்வரை இருக்க விட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஏ.பி. காட்டுபவரைப் பெரும்பாலும் உள்ளறைக்கு, அதாவது செகண்டரிக்கு, அனுப்புகிறார்கள். ஐ-512எல் என்று தலைப்பிட்ட தாளையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். பெயர் கூப்பிட அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். முதலில் இறங்கும் அமெரிக்க விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது விடுங்கள். அபுதாபி வழியாக வருகிறவர்களுக்கு அமெரிக்கச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். செகண்டரி நீண்டால் அங்கேயே விமானம் போய்விடும்.

சென்னையில் செக்-இன் கவுன்டரில் நிற்பவர் தேடுவது விசாவை. தாளைப் பார்த்துத் தயங்கினால் அவசரப்படாமல், அதில் உள்ள செல்லுபடித் தேதியைக் காட்டி சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏ.பி. விசா அல்ல என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: சில ஐரோப்பிய நாடுகள் அமெரிக்க விசா வைத்திருப்பவருக்கு டிரான்ஸிட் விசாவில் சலுகை தருகின்றன. விசா காலாவதியாகி ஏ.பி. மட்டும் இருப்பவர் அந்தச் சலுகையை எண்ணி டிக்கெட் போடக்கூடாது. வளைகுடா வழியோ, டெல்லி, மும்பையிலிருந்து நேரடி விமானமோ நிம்மதி.

ஏ.பி.யில் நுழைந்தால் ஹெச்1பி செத்துவிடும் என்ற பேச்சு கால் நூற்றாண்டாக ஓடுகிறது. அமெரிக்கக் குடியேற்றத் துறையின் 2000-ஆம் ஆண்டு மே மாதத்து உத்தரவே அதைத் தீர்த்துவைத்துவிட்டது. ஹெச்1பி காலம் மீதமிருந்தால் அதே நிறுவனத்தில், ஈ.ஏ.டி. இல்லாமலேயே வேலையைத் தொடரலாம். அடுத்த நீட்டிப்பு ஒப்புதலானால் பரோல் முடிந்து ஹெச்1பி ஸ்டேட்டஸுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

அப்படியானால் ஸ்டாம்ப் எதற்கு? நீங்கள் ஊரில் இருக்கும்போது ஐ-485 நிராகரிக்கப்பட்டால் ஏ.பி. அன்றே வெறும் தாள். செல்லும் ஹெச்1பி ஸ்டாம்ப் இருப்பவர் அதை வைத்துத் திரும்பி வந்து மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவர் ஊரிலேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே எங்கள் யோசனை: ஸ்டாம்ப் உயிரோடு இருந்தால் ஸ்டாம்பில் நுழையுங்கள், ஏ.பி. பைக்குள் இருக்கட்டும். ஸ்டாம்ப் முடிந்துவிட்டதென்றால் ஏ.பி.யில் போய் ஏ.பி.யில் வாருங்கள், ஆனால் ஹெச்1பி நீட்டிப்பை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வார லீவில் சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் ஸ்டாம்பிங்கும் முடித்துவிடலாம் என்ற கணக்கு இப்போது பலிப்பதில்லை. 2025 செப்டம்பர் 2 முதல் ஹெச்1பி-க்கு டிராப்பாக்ஸ் (நேர்காணல் இல்லாத விசா) இல்லை, நேர்காணலுக்கு நேரில்தான் போக வேண்டும். டிசம்பர் 15 முதல் ஹெச்1பி, ஹெச்4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மாதத்து ஸ்லாட்டுகள் பல, மாதக்கணக்கில் தள்ளிப்போயின. விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) ஸ்லிப் கொடுத்துப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டார்களானால், பையில் இருக்கும் ஏ.பி.யாலும் பயனில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் யார் விமானம் ஏற்றுவார்கள்?

கிளம்புமுன் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஹெச்1பி 2028 வரை ஒப்புதலாகியிருந்தாலும் பாஸ்போர்ட் அடுத்த மார்ச்சில் முடிகிறதென்றால், எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவையும் அந்த மார்ச்சோடு வெட்டிவிடுவார்கள். பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, படம் எடுக்கும்) நோட்டீஸ் நீங்கள் இல்லாதபோது வீட்டுக்கு வந்தால், அந்தத் தேதிக்கு முன்பே ஆன்லைனில் வேறு தேதி கேட்க வேண்டும். பேசாமல் விட்டால் அதையே காரணம் காட்டி விண்ணப்பத்தை மூடலாம். தபால்பெட்டிச் சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனி, யாரும் திட்டமிடாத பயணம். நள்ளிரவில் ஊரிலிருந்து போன் வருகிறது. ஏ.பி. இல்லாத எஃப்-1 காரர் அந்த நேரத்தில் விமானம் ஏறிவிடக்கூடாது. விடிந்ததும் இந்த விண்ணப்பங்களைக் கவனிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். துறையின் தொடர்பு மையத்தை அழைத்து, அவசர அட்வான்ஸ் பரோலுக்கு உள்ளூர் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். நிரப்பிக் கையெழுத்திட்ட ஐ-131, ஐ-485 ரசீது, இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், கட்டணம், மருத்துவமனைக் கடிதமோ இறப்புச் சான்றோ கொண்டுபோங்கள். கட்டணத்துக்கு காசோலை வேண்டாம்; 2025 அக்டோபர் 28-க்குப் பின் காகிதக் காசோலையை எடுப்பதில்லை, கார்டு அல்லது வங்கிக் கணக்குப் படிவம்தான். சான்று தமிழில் மட்டும் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், "இரு மொழியும் அறிவேன், இது சரியான மொழிபெயர்ப்பு" என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட வரியும் சேர வேண்டும். அன்றே கையில் கொடுத்தனுப்பிய அலுவலகங்களும் உண்டு, மறுத்தவையும் உண்டு. எல்லாம் சரியாக நடந்தாலும் தகனத்துக்குப் போய்ச் சேர்வது அரிது, பதினாறாம் நாள் காரியத்துக்குச் சேரலாம். அதனால்தான் சொல்கிறோம்: ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்கள், பயணத் திட்டமே இல்லாவிட்டாலும், ஐ-485 போடும் அன்றே ஐ-131-ஐயும் போட்டுவிடுங்கள்.

திரும்பி வந்து இறங்கிய அன்று தூக்கக் கலக்கம் இருந்தாலும் விமான நிலையச் சோதனை நடத்தும் சி.பி.பி. துறையின் தளத்தில் உங்கள் ஐ-94-ஐ எடுத்துப் பாருங்கள். ஸ்டாம்பில் வந்தவருக்கு 'ஹெச்1பி' என்றும், ஏ.பி.யில் வந்தவருக்கு 'டி.ஏ.' என்றும் இருக்க வேண்டும். வகையோ தேதியோ பெயரோ தவறாக இருந்தால், அருகில் உள்ள சி.பி.பி. டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். பெட்டியைப் பிரிக்குமுன் அதன் நகலை வக்கீலுக்கும் ஹெச்.ஆருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்தக் காகிதங்களோடு தினமும் புழங்குகிறவர்கள்