ஓடாத வண்டிக்கு எதற்குப் புது டயர்?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. பேரன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டான் என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறாய். உள்ளுக்குள் உனக்குச் சந்தோஷம்தான், எனக்குத் தெரியாதா!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உள்ளேயே படுத்துத் தங்குகிற மாதிரி கட்டிய எங்கள் மோட்டார் ஹோமுக்குப் புது டயர் போட்டபோது நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "கழற்றிப் போட்ட டயரில் மேலே உள்ள பட்டன் தேயாமல் அப்படியே இருக்கிறதே, முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டு இன்னும் ஓட்டலாமே, காசு கொழுத்துக் கிடக்கிறதா?" என்று கேட்டிருக்கிறாய். நாமக்கல்லில் காலமெல்லாம் லாரி வைத்திருந்தவன் வேறெப்படிக் கேட்பான்? உனக்கு டயர் என்றால் ஓடித் தேய்கிற பொருள். எங்களுடையது நின்ற இடத்திலேயே கெட்டுப்போகிறது.

இந்த மோட்டார் ஹோம் வருஷத்தில் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். எங்கள் குடியிருப்பில் வீட்டு வாசலில் நிறுத்த அனுமதி இல்லை. ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு ஒரு திறந்தவெளி. டெக்சாஸ் வெயில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததல்ல. டயர் ரப்பரில் வெடிப்பைத் தடுக்க மெழுகு மாதிரி சில பொருட்களைக் கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு, பக்கச்சுவர் வளைந்து நிமிரும்போதுதான் அவை மேலே கசிந்து வந்து காற்றிலுள்ள ஓசோனிடமிருந்து ரப்பரைக் காக்கும். நின்ற வண்டியில் அந்தக் கசிவு இல்லை. உள்ளே அடைத்த காற்றின் ஆக்சிஜனும் மெல்ல மெல்ல ஊடுருவி, கம்பிப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள ரப்பரை இறுக வைத்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு. நெடுஞ்சாலையில் சூடேறியதும் மேல்பட்டை உரிந்துகொண்டு வந்து, சக்கரத்துக்கு மேலே உள்ள தரை, ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அடித்துக் கிழிக்கும்.

அதனால் இங்கே பட்டன் ஆழத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, பிறந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு எண்தான் அது. 2318 என்றிருந்தால் 2018-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தேதியோடு கூடிய முழு வரிசை பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுக்க வேண்டியதுதான். ஐந்து வருஷம் ஆனபின் வருஷா வருஷம் தெரிந்த ஆளிடம் காட்டு, பத்து வருஷம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்று என்கிறது மிஷெலின் டயர் கம்பெனி. மோட்டார் ஹோம்காரர்கள் பலர் ஆறேழு வருஷத்திலேயே மாற்றிவிடுகிறார்கள். நான் அந்தக் கட்சி. ஸ்டெப்னிக்கும் வயது ஏறுகிறது என்பதை மட்டும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இனி, நீ சொன்ன மாற்றிப் போடும் யோசனை. என் வண்டி ஃபோர்டு இ-450 சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டியது. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நாலு. இரும்பு வீல் என்பதால் முன்னும் பின்னும் ஒரே வீல்தான், திருப்பி மாட்டினால் போதும். மாற்றலாம். ஆனால் ஜோடி டயரின் குணம் உனக்குத் தெரியுமே! தேய்ந்த முன் டயரைத் தேயாத ஒன்றின் பக்கத்தில் போட்டால், உயரமானது சுமையெல்லாம் வாங்கிக்கொண்டு சூடேறும், குட்டையானது சாலையில் இழுபடும். இந்த அளவு டயருக்கு ஜோடியின் விட்டம் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. அதற்கும் மேலே வால்வு வம்பு. உள் டயர், வெளி டயர், முன் டயர் மூன்றுக்கும் வால்வின் நீளமும் வளைவும் வேறு வேறு. இடம் மாறினால் பல சமயம் வால்வையும் மாற்ற வேண்டும். முன் டயரின் ஓரம் தேயத் தொடங்கினால் நான் முதலில் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்பதை, பார்க்கச் சொல்வேன், அதுவும் சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய நிலையில். காரணத்தைச் சரி செய்யாமல் டயரைப் பின்னால் தள்ளினால், முன்னால் வரும் அடுத்த டயரும் அதே ஓரத்தில்தான் தேயும். ஒரே சீராகத் தேய்கிற வண்டியில் மாற்றிப் போடுவதே வீண் வேலை என்பது என் கட்சி.

ஆறு டயரும் எல்டி225/75ஆர்16 அளவு, சுமை தாங்கும் ரகம் லோட் ரேஞ்ச் இ. 80 பி.எஸ்.ஐ. காற்றில் தனி டயர் 2,680 பவுண்டு தாங்கும். ஜோடியில் போட்டால் ஒவ்வொன்றும் 2,470 மட்டுமே. பின்னால் நாலும் சேர்த்தால் 9,880 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை டன். போதும் போலத்தான் தெரியும். ஆனால் பின் ஆக்ஸிலுக்கு அப்பாலும் நீளமாகப் பாடி தொங்குகிறது. படுக்கை, அலமாரி எல்லாம் அங்கேதான். தண்ணீர் மட்டும் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு. என் வீட்டுக்காரி அரிசி, மாவு, கிரைண்டர் என்று ஏற்றுவதை நான் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆகவே எடை போடாமல் காற்றைப் பற்றிப் பேசக் கூடாது. லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளில் கேட் ஸ்கேல் என்று ஒரு எடைமேடை இருக்கும். 1977-இல் ஐயோவா மாநிலத்தில் ஆரம்பித்தது. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியாக எடை எழுதிச் சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த எடையை டயர் கம்பெனி அட்டவணையில் பார்த்துக் காற்று அடிக்க வேண்டும். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் கனமாக இருந்தால் அந்தப் பக்கத்துக் கணக்குத்தான் இரண்டு பக்கத்துக்கும். பார்ப்பதும் விடியற்காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடிச் சூடானபின் அளவு ஏறியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கிளீனர் பையன் ஜாக்கி லிவரால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பானே, இங்கேயும் லாரிக்காரர்கள் அதற்கென்றே ஒரு தடி வைத்திருக்கிறார்கள். முழுக்க இறங்கிய டயர் அதில் தெரியும். 80-க்கு 60 இருப்பது தெரியாது. உள் டயர் இறங்கினால் வெளி டயர் அதைச் சுமந்துகொண்டு ஓடும், ஸ்டீயரிங்கில் ஒன்றும் உறைக்காது. காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியை அமெரிக்கச் சட்டம் 10,000 பவுண்டு வரையுள்ள வண்டிகளுக்குத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது; ஜோடிச் சக்கர வண்டிகளுக்கு அதிலும் விலக்கு. எது ரொம்ப அவசியமோ அதை விட்டுவிட்டார்கள், பார்த்தாயா! வால்வு முனையில் திருகும் சென்சார்களைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்இயர் 1996 முதல் 2003 வரை ஜி159 என்றொரு டயர் செய்தது. நகருக்குள் சரக்கு டெலிவரி செய்யும் வண்டிகளுக்கான டயரைப் பெரிய மோட்டார் ஹோம்களுக்கும் விற்றதாகப் பல வழக்குகள். கடைசியில் 2022-இல்தான், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கேட்டபின், அதில் ஒரு அளவு டயரைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. குறை எதுவும் இல்லை என்பதுதான் அப்போதும் கம்பெனியின் வாதம். உற்பத்தி நின்று பத்தொன்பது வருஷம் கழித்தும் திரும்பப் பெற ஆள் தேட வேண்டியிருந்தது என்றால், எத்தனை பழைய டயர்கள் பளபளவென்று ஏதோ ஒரு ஷெட்டில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்.

இப்போது புது டயர்களுக்கு வெள்ளை உறை போட்டிருக்கிறேன். கழுவ வெறும் சோப்புத் தண்ணீர்தான்; பளபளப்புக்காகப் பெட்ரோலியம் கலந்த எதையும் தடவ விடுவதில்லை. வண்டி சமமட்டமாக நிற்க டயருக்கடியில் வைக்கும் பலகை டயரின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும், ஜோடியில் இரண்டும் அதன்மேல் ஏறியிருக்க வேண்டும். நடுவில் முடிந்தபோதெல்லாம் எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன்.

பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு வர யோசனை. டிக்கெட் போட்டதும் சொல்கிறேன். அதற்குள் ஒரு காரியம் செய். உன் பேரன் பட்டறைக்கு வரும் டூரிஸ்ட் வேன்காரர்களிடம் கேட்டுச் சொல்: சீசன் இல்லாத மாதங்களில் நிற்கும் வண்டிகளுக்கு டயர் வயதை யாராவது பார்க்கிறார்களா, இல்லை பட்டன் இருந்தால் போதும் என்று விடுகிறார்களா?

அன்புடன்,
உன் முருகேசன்