பார்த்தாலே தெரியுதே!

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம், என் முதுகுவலி உட்பட. விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மகளிடம் மாட்டிக்கொண்டேன். இரண்டு கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வரைந்து கொண்டுவந்து, வெட்டும் இடத்தில் எதிரெதிரே இருக்கிற கோணங்களைக் காட்டி, "குத்தெதிர்க் கோணங்கள் ஏன்ப்பா சமம்?" என்றாள். "பார்த்தாலே தெரியுதே" என்றேன். உடனே பாகைமானியை வைத்தாள். ஒரு பக்கம் 47 பாகை, எதிரே 48. மழுங்கின பென்சில் செய்த கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். "பார்த்தாலும் தப்பு, அளந்தாலும் தப்பு. அப்புறம் எப்படித்தான் தெரியும்?" என்று கேட்டாளே பார்க்கலாம்! இந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு. என் விடைத்தாளைப் பார்த்து நீயும், உன்னுடையதைப் பார்த்து நானும் எழுதினோமே தவிர, ஏன் என்று ஒரு நாளாவது கேட்டோமா?

ராத்திரி தூக்கம் போனது. அந்த இரண்டு எதிர்க்கோணங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததுதான் என் தப்பு. நடுவில் இருக்கிற கோணத்தைப் பிடித்திருக்க வேண்டும். அது 47-உடன் சேர்ந்து ஒரு நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கிறது, கூட்டினால் 180. ஆகவே அது 133. அதே 133 எதிர்க்கோணத்தோடும் சேர்ந்து மற்றக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது, அங்கேயும் 180. அப்படியானால் எதிரே 47-ஐ விட்டால் வேறு வழியில்லை. கோடுகளை எப்படிச் சாய்த்தாலும் இதே கதைதான். அளக்கவே வேண்டாம்!

இதை முதலில் கண்டவர் பழைய கிரேக்க அறிஞர் தேல்ஸ், முறையாக நிறுவியவர் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் என்று, பின்னாளில் வந்த கிரேக்க உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார். தேல்ஸுக்கும் யூக்ளிட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 300 ஆண்டுகள். என் தாமதம் ஒன்றும் பெரிதில்லை.

ஆனால் மாப்ளே, ஒன்று உறுத்துகிறது. போன முறை உன் அப்பாவைப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறார், பார்த்தாலே தெரியுதே" என்றுதான் உன்னிடமும் சொன்னேன். டாக்டரிடம் கூட்டிப்போனாயா? மறைக்காமல் எழுது.

அப்புறம், ஒரு பஞ்சாயத்து. மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டினால் குத்தெதிர்ச் சோடிகள் மூன்று என்கிறேன் நான். ஆறு என்கிறாள் அவள், பக்கத்துக் கோணங்களைச் சேர்த்துப் பெரிய கோணமாக்கியும் எண்ண வேண்டுமாம். தீர்ப்பு சொல்ல உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் என் பக்கம் பார்த்துச் சொல்லேன்.

உன்,
கடைசி பெஞ்சு