பெயர் எழுதாத படகுகள்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய ஆயில் கலர் பெட்டி வந்து மூன்று மாதம் ஆகிறது. "படம் முடிஞ்சுதாப்பா?" என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் ராமேஸ்வரம் துறைமுகத்தில் வரிசையாக நின்றன. கடலுக்குப் போகாத அந்த நாட்களில்தான் எனக்கு வேலை கூடும் என்பது உனக்குத் தெரியும். கரையேற்றிய படகுகளுக்கு எனாமல் அடிக்க வேண்டும், பெயரும் நம்பரும் எழுத வேண்டும். அதனால் விடியும் முன்பே கரைக்குப் போய்ப் படம் வரைந்துவிட்டு, வெயில் ஏறியதும் வேலைக்குத் திரும்புவேன்.

முதல் படத்தில் ஒவ்வொரு படகிலும் அதன் பெயரை எழுதிவிட்டேன். முப்பது வருடம் எழுதிய கை. தள்ளி நின்று பார்த்தால் படகுகள் இருந்தன, விடியலைக் காணவில்லை. அந்த அரை வெளிச்சத்தில், அவ்வளவு தூரத்தில், எந்தப் பெயரையும் வாசிக்க முடியாது பாப்பா. என் மனதுக்குத் தெரிந்ததையெல்லாம் வரைந்திருந்தேன். கண் பார்த்தது வேறு.

அப்புறம் நீ அனுப்பியிருந்த, பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படத்தைத் திரும்ப எடுத்தேன். 1872-ல் பிரான்சில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பதை அவர் வரைந்தது. முன்னால் போகும் சிறு படகு சில கருந்தீற்றல்கள்தான், ஆனால் அதில் ஆள் நிற்பது தெரிகிறது. அந்தச் சூரியன் ஏன் அப்படி எரிகிறது என்று புரியாமல், போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். சூரியன் வானத்தோடு கரைந்து ஏறக்குறைய மறைந்தே போனது! வானத்தைவிட அது வெளிச்சமாக இல்லை, நிறம்தான் வேறு. சாம்பல் நீலத்துக்கு நடுவில் ஆரஞ்சு இருப்பதால் எரிகிறது. நானோ வெளிச்சம் வேண்டுமென்று வெள்ளையை அள்ளிக் கலந்து, சூரியனை நிலாவாக்கி வைத்திருந்தேன். கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நேரில் சொல்ல வேண்டும்.

கறுப்பு டியூப்பை இப்போது திறப்பதே இல்லை. படகின் நிழலுக்கு அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைக் கலக்கிறேன். விடியற்காலையில் வடகடல் அசையாமல் கிடக்கும்போது, படகின் நிறம் தண்ணீரில் துண்டு துண்டாக உடைந்து விழும். அதை அகலப் பிரஷ்ஷால் படுக்கையாக ஒரே இழுப்பு இழுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். திரும்பத் தடவினால் சேறாகிவிடும்.

எனாமல் மறுநாளே காய்ந்துவிடும், ஆயில் கலர் அப்படியில்லை. அதிலிருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றை வாங்கி மெல்ல மெல்லத்தான் இறுகுகிறது. அடியில் டர்பன்டைன் விட்டு மெலிதாகவும், மேலே போகப் போக எண்ணெய் கூட்டியும் பூச வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு பின்னால் வெடிக்கும். அடிப்பூச்சு சரியில்லாத படகு என்ன ஆகும் என்று பார்த்தவன் நான், அதனால் இதில் அவசரப்படவில்லை.

இரண்டாவது படம் இப்போது கூடத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. அம்மா நேற்று வெகுநேரம் நின்று பார்த்தாள். இடது ஓரத்துப் படகைக் காட்டி, "இது உங்க அண்ணன் படகுல்ல?" என்றாள். அதில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை பாப்பா. நாலு தீற்றல்தான். மேல்கூண்டு கொஞ்சம் சாய்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

வானத்தின் வலது பக்கம் இன்னும் பாக்கி. வெள்ளை தீர்ந்துவிட்டது, எல்லா நிறத்திலும் அதுதான் போகிறது. வரும்போது பெரிய டியூப்பாக ஒன்று வாங்கி வா.

அன்புடன்,
அப்பா