லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நியூயார்க்கில் கல்லூரி இடம் கிடைத்ததில் எனக்கும் பெரிய மகிழ்ச்சி. லண்டனிலிருந்து போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாய். பிழையே இல்லை.

லண்டனின் ஹீத்ரோவுக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் நடுவே ஏறக்குறைய 5,540 கி.மீ. இது பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய பாதை. சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அதன்படி பறந்தால் 200 கி.மீ.க்கு மேல் கூடிவிடும். விமானம் வடக்கே ஏறி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போவதைத் திரையில் பார்த்து, சுற்றிப் போகிறான் என்று நினைத்துவிடாதே. அதுதான் குறுக்குவழி.

நேரத்தை மாற்றுவது காற்று. 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது; குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 100 என்று வை. கிழக்கே வரும்போது தரையைக் கணக்கிட்டால் 1,000 கி.மீ. வேகம்: 5 மணி 32 நிமிடம். மேற்கே 800தான்: 6 மணி 55 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது முழுதாக மீட்க முடியாது என்பதையும் கவனி. காற்றே இல்லாவிட்டால் இரண்டு வழிக்கும் 12 மணி 19 நிமிடம். காற்றோடு 12 மணி 28. எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோமே, அதனால்தான். 2020 பிப்ரவரியில் புயல் தள்ளிவிட, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது. தரைவேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டியும் ஒலித்தடையை உடைக்கவில்லை (சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து ஒலியை மிஞ்சவில்லை), ஏனென்றால் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியது.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிலைய வாயிலை (கேட்) விட்டு நகர்ந்ததிலிருந்து மறுபடி வாயிலில் நிற்கும் வரை. கென்னடியில் மாலை நெரிசலில் ஓடுபாதை வரிசைக்கே அரைமணி போகலாம். ஹீத்ரோ மேலே வட்டமடிக்க வைப்பதும் உண்டு.

நீ மார்ச் 18 இரவு 9 மணிக்குத் திரும்புகிறாய் அல்லவா? அங்கேதான் பலர் தவறுவார்கள். இரு ஊருக்கும் வழக்கமாக 5 மணி நேர வித்தியாசம். ஆனால் கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், பிரிட்டன் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி. 7 மணி நேரப் பயணம் என்றால் லண்டனில் 9 அல்ல, காலை 8. (அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஒரு வாரமும் இப்படித்தான்.) டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம், அதையே நம்பு, நீயாகக் கூட்டிக் கழிக்காதே.

லண்டனிலிருந்து சென்னை போகும் விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் நடுவில் 4 மணி நேரமாவது விடு. பெட்டியை நீயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது விமானம் காத்திருக்காது. முடிந்தால் ஒரே டிக்கெட்டாக மாற்றிக்கொள். தேதி உறுதியானதும் எழுது.

அன்புடன்,
ராமு